ஒரே பிரதி

“வாங்கினதத் திருப்பிக் குடுங்க சார்” என்று கேட்டேன். அதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். “வேல குடுத்தவங்ககிட்ட திருப்பிக் கேக்காதடி. வேலையும் போவும், குடுத்ததும் வராது.” அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்து என்னைப் பட்டதாரி ஆக்கியவள். அவள் சொன்னால் காரணம் இருக்கும்.

சார் கலைஞர்கள் கையால் செய்யும் புத்தகங்களைச் சேகரிப்பவர். கடைகளில் கிடைக்காத சரக்கு. துணியில் அச்சடித்தது, மெழுகில் ஊறவைத்தது, பிரித்தால் கூடாரம்போல் எழுந்து நிற்பது. அவற்றுக்கு அட்டைப்பெட்டி செய்து அடுக்குவது என் வேலை. பார்த்துப் பார்த்து எனக்கும் ஒன்று செய்யத் தோன்றியது.

அம்மாவோடு வேலை பார்க்கும் பெண்களுக்குக் கட்டைவிரலில் ரேகை கிடையாது. தரை கழுவும் ஆசிட் தின்றுவிட்டது. வருகை மெஷினில் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான். “நான் வந்தேனா வரலையான்னு மெஷினுக்கே சந்தேகம். எம் புருஷனாவது குரல வெச்சுக் கண்டுபிடிச்சிடுறான்” என்பாள் பெரியம்மா. அந்த விரல்களை மையில் தோய்த்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் பதித்தேன். வழவழப்பான கறுப்புப் பொட்டுகள், வேறு எழுத்தே இல்லை. நானே தைத்தேன். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். சார் ஒன்று வாங்கிக்கொண்டார். பெரியம்மா தன்னுடையதைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

பிறகு ஒருநாள் சார் சொன்னார்: “எல்லாப் பிரதியும் வேணும்மா. கண்காட்சி முடிஞ்சதும் குடுத்துடுறேன்.”

நான்தான் வீடு வீடாகப் போனேன். “பத்திரமா வந்துடுமாடீ?” என்று பெரியம்மா கேட்டாள். “நான் இருக்கேன்ல பெரியம்மா” என்றேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டம் கைநாட்டுக்காரிகளை நம்ப வைக்கத்தான் முதலில் பயன்பட்டது.

கண்காட்சிக்காக அச்சாகி வந்த பெயரட்டையில் என் புத்தகத்துக்குக் கீழே ‘ஒரே பிரதி’ என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்துத்தான் அவர் அறைக்குப் போனேன். சார் சிரித்தார். அப்போதுதான் திருப்பிக் கேட்டேன்.

“மத்ததெல்லாம் மெஷின்ல போட்டுக் கிழிச்சாச்சும்மா. ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் அபூர்வம். உனக்கும் பேர்தானே? அவங்களுக்கு ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு. என்ன தெரியப்போவுது?”

“சரிங்க சார்” என்றேன். குரல்கூட உயரவில்லை. வேண்டுமானால் அவருடைய டிரைவரைக் கேளுங்கள், வாசலில்தான் நின்றிருந்தார்.

இனி, சார் புத்தகங்களைப் பூட்டி வைத்திருந்த அந்த அறை. உங்களுக்கு வேண்டியது அதுதானே.

தண்ணீர் பட்டால் காகிதம் போய்விடும். அதனால் தீப்பிடித்தால் அணைக்க அங்கே வாயுதான் வரும். வந்தால் அறையில் மூச்சுவிடக் காற்று இருக்காது. அதற்கு முன் சைரன் அடிக்கும், ஆட்கள் வெளியேறிவிட வேண்டும். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கட்டாயம் வேண்டும் என்று பொருத்த வந்த இன்ஜினியர் தலைபாடாக அடித்துக்கொண்டார். புத்தகத்தோடு எவனாவது நழுவிவிடுவான் என்று சார் அதைக் கழற்றச் சொன்னார். உள்ளேயிருந்தும் அடையாள அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். காகிதத்தில் கீறல் விழும் என்று மோதிரம், கடிகாரம், போன், அட்டை எல்லாவற்றையும் வெளியே தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே நிற்பவர் திறந்துவிடுவார். இரண்டு விதியும் அவர் போட்டவை. நான் விதி போடும் இடத்தில் இருந்ததே இல்லை.

மறுநாள் மதியம் என் புத்தகத்தைப் பார்க்க உள்ளே போனார். தட்டில் எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். “கதவச் சாத்தும்மா, ஈரக்காத்து வரும்” என்றார். சாத்தினேன். வெளிச்சுவரில் இருந்த, வாயுவைத் திறந்துவிடும் மஞ்சள் கைப்பிடியை இழுத்தேன்.

சைரன் அடித்தபோது அவர் எரிச்சலோடுதான் திரும்பினார், நான் ஏதோ கை தவறி இழுத்துவிட்டதுபோல. கதவிலிருக்கும் கண்ணாடி வழியாக அட்டையைத் தேய்க்கச் சைகை காட்டினார். பிறகு என் பக்கத்திலிருந்த பச்சைப் பொத்தானைக் காட்டினார். அதை அழுத்திப் பிடித்தால் வாயு வராது. என் கைகள் இரண்டும் சும்மாதான் இருந்தன.

கடைசியாக என் புத்தகத்தை எடுத்துவந்து கண்ணாடியில் வைத்து அழுத்தினார். எடுத்துக்கோ, எடுத்துக்கோ என்று வாய் அசைந்தது. கேட்டதைக் கொடுக்கத்தான் செய்தார், அதை நான் மறைக்க மாட்டேன்.

“அழுத்தாதீங்க சார், பக்கம் மடங்கிடும்” என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது.

கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். கோபக்காரி என்றால் அறைக்கே தீ வைத்திருப்பேன். எப்படிச் செய்வது என்று முந்தின நாளே முடிவு செய்துவிட்டேன், காகிதத்தை அந்த வாயு ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொண்ட பிறகு. அவர் சரிந்தபோது புத்தகம் அவர் மடியில்தான் விழுந்தது. முனைகூட மடங்கவில்லை. சேதம் ஒன்றும் இல்லை என்று கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.