ரூமுக்கு ரெண்டு வாசல்

விஸ்வநத்தம் பேருந்தில் என் முன் இருக்கையில், பட்டாசு வேலை முடித்துத் திரும்பும் இரண்டு பெண்கள். இருவரின் நகங்களிலும் வெள்ளி நிற வெடிமருந்து.

"புது வீட்டுல ரூமுக்கு ரெண்டு வாசல் வைக்கச் சொல்லிட்டேன்க்கா" என்றாள் இளையவள்.

"படுக்குற ரூமுக்கு எதுக்கு ரெண்டு?"

"இன்ஜினியரும் அதான் கேட்டாக. வெக்கை தெரியக் கூடாதுன்னு சுடாத மண்ணுக் கல்லுலதான கட்டுறோம், வாசல் கூடுனா சுவரு தாங்காதுங்காக."

"சரியாத்தான சொல்றாக. சுவரு உறுதியா நிக்க வேணாமா தாயி?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பட்டாசு ஆலையில எங்க வீட்டுக்காரரு வேலை பாத்த ரூம்ல தீப்பிடிச்சப்ப, மறு வாசலை மறிச்சுப் பெட்டி அடுக்கியிருந்தாக. அன்னிக்கு சுவருக்கு ஒண்ணும் ஆகலக்கா."