மறுத்துப் பேச ஓர் ஆள்

வெள்ளிக்கிழமை மாலை, கரமனை பஸ். என் முன் ஸீட்டில் ஒரே ஆபீஸ்காரர்கள் இருவர்: ஒருவர் ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துக்காரர், மற்றவர் கொச்சியிலிருந்து வேலைக்கு வந்த யூதர்.

"இந்த ஊர்ல என்னைத் தப்புன்னு சொல்ல ஒரு ஆளில்லை," என்றார் கொச்சிக்காரர்.

"பாக்கியசாலிதான் ஓய்!"

"அல்ல ஸ்வாமி. எங்க ஊர் யூதப் பள்ளியில, உங்களுக்குக் கோவில் மாதிரி, சனிக்கிழமைதோறும் எங்க வேதமான தோரா வாசிச்சுத் தர்க்கம் நடக்கும். நான் வாயைத் திறந்தா நாலு பேர் 'தப்பு'ன்னு எழும்புவாங்க. இங்க பள்ளியே இல்லை. தனியா வாசிக்கிறேன். நான் நினைக்கிறதெல்லாம் சரியாவே இருக்கு."

"இந்த வாரம் என்ன வாசிச்சீர்?"

"மோசே கதை. ஜனங்களை நாற்பது வருஷம் வனாந்தரத்துல நடத்தினவர். தண்ணிக்காகப் பாறைகிட்டப் பேசச் சொன்னார் தெய்வம். அவர் கோலால அடிச்சுட்டார். அதனால அவங்களுக்குத் தரேன்னு சொன்ன தேசத்துக்குள்ள அவரைப் போக விடலை. நியாயமான தண்டனைதான்."

"என்ன நியாயம்? அத்தனை தூரம் அழைச்சிண்டு வந்தவரை வாசல்லயே நிறுத்தறதா? அநியாயம் ஓய்!"

கொச்சிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் பழவங்காடி ஸ்டாப் வந்துவிட, நண்பர் இறங்கினார்.

இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நாளைக்குச் சனிக்கிழமை, எனக்கு ஓய்வுநாள், லீவு. நீங்க ஆபீஸ் விட்டதும் என் வீட்டுக்கு வாங்க, கேட்டோ. வந்து இதையே சொல்லணும்!"

"சண்டை போடவா கூப்பிடறீர்?"

"ஆமா ஸ்வாமி, அதுக்குத்தான்."