போட் இல்லாத லைசென்ஸ்

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு மீனவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

“இலங்கையில பிடிச்சு வச்சிருக்கிற போட்டை, நாளைக்கு நம்ம தொறையில நிறுத்திக் காட்டுன்னு மீன்வள ஆபீஸ்ல சொன்னா எப்படிங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எல்லா லைசென்ஸையும் திரும்பப் பாக்குறாங்க. போட் இல்லாதவனோட கடலுக்குப் போற டோக்கன் வேற ஆளுக்குப் போயிருமாம்.”

“நம்ம போட்டை விட்டுட்டாங்கன்னா?”

“கரையிலதான் நிக்கும். டோக்கன் இல்லாம கடலுக்கு விடமாட்டாங்க.”

“பிடிச்சதுக்குப் பேப்பர் இருக்குல்ல, காட்டுவோம்.”

“போன வாரமே நீட்டுனேன். ஆபீசர் வாங்கிக்கூடப் பாக்கல.”

அவர்கள் இறங்க வேண்டிய மீன்வள ஆபீஸ் ஸ்டாப் வந்தது. மீனவர் எழவில்லை. அந்த அம்மா அவர் மடியிலிருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க உக்காந்திருங்க. ஆபீசர் படிக்கிற வரைக்கும் நான் அங்கிட்டு நிக்கிறேன்.”

பஸ் நகர்வதற்குள் அவரும் குதித்து இறங்கி மனைவிக்குப் பின்னால் ஓடினார்.