மதியா, மிதியா?

ரெனிஷா: அவரு வீட்டுக்குப் போயி இதத்தான் சொல்லப் போறியளா?

ஷாஜன்: சிரிக்காத ஏட்டி. சுசீந்திரம் தாண்டியாச்சு. பஸ்ஸு அஞ்சுகிராமம் போறதுக்குள்ள எனக்கு மனப்பாடம் ஆகணும்.

ரெனிஷா: சரி, நான்தான் வைகுண்டராஜன் அண்ணன். சொல்லுங்க.

ஷாஜன்: அண்ணே... அன்னைக்கு ஃபிளையிங் ஸ்கூல்ல சின்ன பிளேனுக்கு பிரேக் லைன்ல இருக்க காத்த எடுத்தோம். நீங்க மேல சீட்டுல, பெடல்ல கால வச்சு. நான் கீழ வீலுகிட்ட...

ரெனிஷா: இருவது வருசமா அந்த வேல பாக்க மனுசனுக்கே பாடம் எடுக்கிய?

ஷாஜன்: பயம் வந்தா எனக்கு வாய் நிக்காது. நான் பாத்த பிரேக்கு மாதிரிதான்.

ரெனிஷா: ம்... மேல.

ஷாஜன்: நீங்க மிதிச்சுப் பிடிச்சிய. நான் நட்ட லூஸ் பண்ணினேன். காத்து குமிழ் குமிழா வந்து நின்னுது. 'மதி, மதி'ன்னேன். எங்க மார்த்தாண்டத்துல மதின்னா 'போதும்'னு அர்த்தம். உங்களுக்கு அது 'மிதி, மிதி'ன்னு கேட்டுட்டு. நட்டு திறந்து கிடக்கப்பளே விட்டு விட்டு மிதிச்சிட்டிய. போன காத்து பூரா திரும்ப உள்ள ஏறிட்டு.

ரெனிஷா: பிறவு?

ஷாஜன்: பிறவு ஓட்டிப் பாத்தப்ப பிளேன் நிக்காம போயி கேன்டீன் சுவத்துல முட்டிச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல. வடச்சட்டிதான் கவுந்துது.

ரெனிஷா: வேல முடிஞ்சதும் நீங்க பெடல ஒருக்கா அமுக்கிப் பாக்காண்டாமா?

ஷாஜன்: பாக்கணும். பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் எனக்கு முத்து முத்தா இருக்கும்.

ரெனிஷா: சஸ்பெண்டு ஆனது அவரு.

ஷாஜன்: சொல்லாமலே மிதிச்சாருன்னு எழுதிக் குடுத்தேன்லா... இனி பாஷைதான் குத்தம்னு சொல்லுவேன். பாஷைய எவனும் சஸ்பெண்டு பண்ண முடியாது பாத்துக்க.

ரெனிஷா: அந்த 'மதி' அவருக்குச் சொன்னதா?

ஷாஜன்: பின்ன யாருக்கு?

ரெனிஷா: என்னைப் பாத்துச் சொல்லுங்க.

ஷாஜன்: சிப்ஸ் பாக்கெட்ட அமுக்காத, பொடிஞ்சிரும்...

ரெனிஷா: போன்ல நானில்லா கிடந்தேன்? குக்கர் ரிப்பேருன்னு தொணதொணத்துட்டு. 'மதி, மதி, பிறவு பேசு'ன்னு எனக்கில்லா சொன்னிய?

ஷாஜன்: ...ரெண்டு வாரமா தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த?

ரெனிஷா: உங்க வேல போயிரும்னு பயம். நேத்து அவரு பொண்டாட்டி தேவகனி அக்கா அழுதப்ப எனக்கு வெக்கமா போச்சு. அந்த அக்கா மொகத்தப் பாத்து இந்தப் பொய்ய நீங்க சொல்லக் கூடாது. சொன்னா, அங்கயே நான் உண்மையச் சொல்லுவேன்.

ஷாஜன்: இன்னைக்குக் காலத்தே ஆபீசுக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பியாச்சு. அவர வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க, என்னைய வராண்டாம்னுட்டாங்க. இந்தக் கதைய உனக்காகத்தான் கெட்டினேன்... உன் போன்தான் காரணம்னு தெரிஞ்சா நீ ஒடிஞ்சு போவியேன்னு.