திரும்பாத டோக்கன்

பிலோமினா: இன்னாண்ணா, மூணு வாரமா இந்த நெட் கடையில உக்காந்து எழுதுறீங்க, நான் கேட்ட புரோகிராமை. மைன்ஸ்ல கேபிள் இழுத்த கைக்கு இது சரிப்படலியா?

ஏனோக்: முடிஞ்சுது டீச்சர். வெப்சைட் பேரோ கம்ப்யூட்டர் நம்பரோ அடிச்சா போதும். யாருக்குச் சொந்தம், எந்த ஊரு... எல்லாம் சொல்லும்.

பிலோமினா: மைன்ஸ்ல எங்கப்பாவோட டோக்கன் ஆபீஸ் மாதிரி.

ஏனோக்: அதே தான். நம்பரைச் சொன்னா ஆள் பேரு. சுரங்க ஷாஃப்ட்ல எறங்க உங்கப்பா கையில தான் டோக்கன் வாங்குவேன். நானூத்திப் பன்னெண்டு.

பிலோமினா: இன்னும் மறக்கலியா?

ஏனோக்: மைன்ஸ் மூடி நாலு மாசம் கூட ஆவலியே...

பிலோமினா: சரி, என்னுதைப் போடுங்க. நான் கேள்வித்தாளை முன்னாடியே பசங்களுக்குக் காட்டிட்டேன்னு ஸ்கூலுக்கு ஒரு மொட்டை மெயில் வந்துதே, அதோட தலையில இருந்த கம்ப்யூட்டர் நம்பர்.

ஏனோக்: முதல்ல வேற ஒண்ணு பாக்கலாம். பெங்களூர் காலேஜ் ஒண்ணு... பாருங்க, போன் நம்பர் வரைக்கும் வருது.

பிலோமினா: நல்லாருக்குது. இப்ப என்னுது.

ஏனோக்: இன்னைக்கு லைன் ஸ்லோ. நாளைக்கு...

பிலோமினா: நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. என் வேலை இருக்குமா போவுமான்னு அங்க தான் தெரியும்.

ஏனோக்: டீ சொல்லட்டுமா?

பிலோமினா: குடிச்சிட்டுத் தான் வந்தேன். போடுங்கண்ணா.

ஏனோக்: போட வேணாம் டீச்சர். அது... இந்தக் கடை நம்பர்.

பிலோமினா: ராபர்ட்சன்பேட்டை பூரா இங்க தான வந்து மெயில் பாக்குது. யாரோ வந்திருப்பாங்க.

ஏனோக்: யாரும் வரல. நான் தான். மைன்ஸ் மூடுனதும் உங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்கு நானும் எழுதிப் போட்டேன். உங்களுக்குக் கிடைச்சுது... புத்தி கெட்டுப்போச்சு. நாளைக்கு நானே வந்து ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட சொல்லிடறேன்.

பிலோமினா: ஒன்பதரைக்கு வீட்டுக்கு வாங்க. சேர்ந்தே போவலாம்.

ஏனோக்: உங்களுக்குக் கோவமே வரலியா?

பிலோமினா: வந்துது. நிறைய வந்துது. நம்பர் இந்தக் கடையோடதுன்னு நானே பாத்துட்டேன். மெயில் போட்டது பெரிய வெள்ளி அன்னைக்கு. கடை பூட்டியிருந்துச்சு, சாவி உங்க கிட்ட. கோயில்லயும் உங்களைக் காணல.

ஏனோக்: அப்ப... முன்னாடியே தெரியுமா? அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க பேராவது தப்பிச்சிருக்குமே. எதுக்கு என்னை இதை எழுத வெச்சீங்க?

பிலோமினா: ஷிஃப்ட் முடிஞ்சும் ஒரு டோக்கன் போர்டுக்குத் திரும்பலேன்னா எங்கப்பா வீட்டுக்கு வரமாட்டாரு. ஆளு மேல வர வரைக்கும் அங்கயே உக்காந்திருப்பாரு. நானும் அப்படித் தாண்ணா உக்காந்திருந்தேன்... நானூத்திப் பன்னெண்டுக்கு.