எட்டு வயது ஆகட்டும் என்கிறீர்களா?

கையில் மணியும் கண்ணில் கனிவுமாக இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் தையற்கார அத்தை அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளைக்கும் பிறர் பிள்ளைக்கும் பேதம் பாராமல் பாடம் சொன்ன தாய்மார்களே, தந்தையரே, ஒரே பாயில் இடம் பிடிக்க என்னோடு இடித்துக்கொண்ட தோழர்களே, தோழியரே, உங்கள் அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

அத்தை, அதற்குள் மணியைத் தொடாதீர்கள். நான் இன்னும் பேச்சையே தொடங்கவில்லை.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்த சில குடும்பங்கள், இன்று உங்கள் வீடு, நாளை எங்கள் வீடு என்று முறைவைத்துச் சேர்ந்து கற்பிக்கத் தொடங்கியதுதான் நம் குழு. அந்தக் குழுவின் முன் இன்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. சின்னவர்கள் அழுகிறார்கள், ஓடுகிறார்கள், பெரியவர்களின் படிப்பைக் கலைக்கிறார்கள். ஆகவே எட்டு வயது நிறையாதவர்களை இனிச் சேர்க்க வேண்டாம் என்கிறது அது. என் தங்கைக்கு ஐந்து வயது. மேடை என்றாலே நடுங்குகிற நான் இங்கே வந்து நிற்பதற்கு வேறு காரணம் இல்லை.

நானும் ஐந்து வயதில்தான் வந்தேன். நினைவிருக்கிறதா, அத்தையின் தையல் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறை? இஸ்திரிப் பெட்டியின் சூடான வாசம், காலில் ஒட்டும் நூல் துணுக்குகள், உறை போட்ட தையல் இயந்திரமே ஆசிரியர் மேசை. தன் பிள்ளை இருக்கும் அறையில் தாய் பாடம் எடுக்கக் கூடாது என்பது நம் குழுவின் வழக்கம். ஆகவே என் அம்மா பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. அழுதேன். கீழே துணி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

இதோ இங்கே அமர்ந்திருக்கும் அத்தை என்னை அடக்கினாரா? இல்லை. அதட்டினாரா? இல்லை. "அழணும்னா அழு கண்ணு. கை சும்மாதானே இருக்கு? இந்த டேப்போட நுனியைப் பிடி. இங்கதான் கணக்கு தொடங்குது. நீ விட்டா அண்ணனோட அளவு மொத்தமும் தப்பாயிடும்" என்றார்.

எங்கள் எல்லாருக்கும் மூத்த மாணவரான அந்த அண்ணன் அறையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். "ஏய் சுண்டெலி, ஆடாம பிடி."

"நீங்கதான் இழுக்கிறீங்க."

"வாயைப் பாரு இதுக்கு."

அழுகை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, உங்களுக்கும் ஒரு பெயர் இருந்தது, சொல்லட்டுமா?

அடுத்து அவரைக்காய் விதைக் கதை. அந்த ஒரு வாரம் மட்டும் தாய், பிள்ளை வழக்கத்தைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு பெற்றோரும் தம் மிகச் சிறந்த பாடத்தைக் கொண்டுவர வேண்டும், முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு. ரொட்டிக்கடை அக்கா வந்தார்: ஈரப் பஞ்சு, ஒரு விதை. மின்சார வேலை செய்யும் மாமா வந்தார்: ஈரப் பஞ்சு, ஒரு விதை. நர்ஸ் வேலை பார்க்கும் என் அம்மா வந்தார். அவர் பையிலும் பஞ்சுதான். அதுவரை தத்தம் வீட்டில் தனித்தனியே கற்பித்தவர்கள் அல்லவா? இந்த அதிசயம் தனக்கு மட்டுமே தெரியும் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள்.

கடைசியாகப் பேருந்து ஓட்டும் மாமா கண்ணாடி டம்ளரோடு வந்தபோது அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "மாமா, வேர் கீழ போகும், தண்டு மேல வரும். அடுத்த பாடத்துக்குப் போலாமா?"

மாமாவின் முகம் வாடிப்போனது. அப்போது எங்களில் மிகச் சின்னவள், ரொட்டிக்கடை அக்காவின் நாலு வயது மகள், கேட்டாள்: "தலைகீழா வெச்சா?"

மாமா தலையைச் சொறிந்தார். "தெரியலையே தங்கம். வெச்சுப் பாத்துடுவோம்."

வைத்தோம். வேர் வளைந்து கீழே போனது. விடுவாரா அண்ணன்? வேரை ஏமாற்றுகிறேன் பார் என்று தினமும் காலையில் டம்ளரைப் புரட்டி வைத்தார். அதுவும் விடாமல் திரும்பித் திரும்பிக் கீழேயே தேடியது. சாப்பிடக் கூப்பிட்டாலும் அவர் வரவில்லை.

அவையோரே, அந்த அண்ணன்தான் இன்று நம் குழுவில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார். இந்தத் தீர்மானத்தை எழுதியவரும் அவரே.

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "அது வேற, இது வேற" என்று முணுமுணுக்கிறீர்கள். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பாடத்தின் நடுவே ஒருவன் பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனாலும் கேட்கிறேன். எல்லாம் தெரிந்தவர்கள் மட்டும் கூடிய அறையில் கேள்வி எங்கிருந்து வரும்? கேள்வி வராத அறையில் தேடல் எங்கிருந்து வரும்? தேடல் வராத அறைக்குப் படிப்பறை என்று பெயர் வைத்து என்ன பயன்? சின்னவர்கள் நம் படிப்பைக் கலைத்தார்கள், உண்மை. கலைத்ததால்தானே, அண்ணா, நாம் படித்தோம்?

நான் இப்போது பெரிய பள்ளிக்குப் போகிறேன். அங்கே என் வயதுக்காரர்கள் மட்டுமே இருக்கிறார்கள். தெரியாததைக் கேட்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தை நம் குழுவுக்குள் கொண்டுவராதீர்கள். அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்றால், நான் உட்காருகிறேன். என் விடுமுறை நாள்கள் எல்லாம் உங்களுக்கே.

அத்தை மணியை அடித்துவிட்டார். செவிகொடுத்த சான்றோர்க்கும், சிரித்து என் நடுக்கத்தைப் போக்கிய தோழமைக்கும் நன்றி. இன்று நான் வீடு திரும்பும்போது, அப்பாவை முந்திக்கொண்டு என் தங்கைதான் கதவைத் திறப்பாள். "என்னைச் சேத்துக்கிட்டாங்களா?" என்று கேட்பாள். இத்தனை நேரம் பேசிய எனக்கு அதற்குப் பதில் தெரியாது. வாக்கெடுப்புக்கு நீங்கள் கை தூக்கும்போது, அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வணக்கம்.