வண்டாய் வந்தமர்ந்த புள்ளிகள்

எழுத்துக்கு உருவும் உருவுக்கு எழுத்தும் ஈந்த எங்கள் ஓவியப் பெருந்தகையீர்! கோடு ஒன்று கிழித்தாலே குழந்தைகளைக் குலுங்கச் சிரிக்க வைப்பதால், 'கோட்டண்ணன்' என்று எம்மால் கொண்டாடப்பெறுபவரே! சிறுவர் நூல் பதிப்பகமாகிய நம் இல்லத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து விடைபெறும் தங்களை, வருத்தத்தினும் மிகுந்த நிம்மதியோடு வணங்குகின்றோம். நிம்மதி ஏன் என்பதை அறியாதார் பொருட்டு இங்கே கூறுகின்றோம்.

ழகரத்தின் சுழியில் பூனையைச் சுருண்டு உறங்கச் செய்தீர்கள்! இரட்டைக்கொம்பை ஆட்டுக்குட்டிக்கு அழகுறச் சூட்டினீர்கள்! துணைக்காலுக்குக் காலுறையும் காலணியும் மாட்டி, "பாவம், வெறுங்காலோட எவ்வளவு நாள்தான் நிக்கும்?" என்று எங்களையே கேட்டீர்கள்! மெய்யெழுத்தின் தலைமேல், புள்ளிக்கு மாற்றாகக் குட்டிக் கருவண்டு ஒன்றை அமர்த்தினீர்கள். கணினி எழுத்து ஆயிரம் வந்தும் தூரிகையைத் தாங்கள் துறந்ததில்லை. குறித்த நாளில் படம் தந்ததும் இல்லை. இரண்டையும் மறவாது பதிவு செய்கின்றோம்.

நான்கு திங்களுக்கு முன், தங்கள் இறுதி நூலாகிய அரிச்சுவடியின் உடலுறுப்புப் பக்கம், மெய்ப்புத் திருத்தும் அம்மையாரின் மேசைக்கு வந்தது. கண் 'கண' என்றும், பல் 'பல' என்றும், நகம் 'நகம' என்றும் நின்றன. ஒரு வண்டையும் காணோம்.

"என்ன கோட்டண்ணே, வண்டுக்கெல்லாம் லீவு விட்டுட்டீங்களா?" என்றார் அவர்.

"எல்லாத்தையும் உட்கார வச்சிருக்கேனேம்மா! முதல்ல உன் கண்ணாடியைத் துடை" என்றீர்கள் தாங்கள்.

அவர் துடைத்தார். அச்சுக்கூட மேலாளரும் எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணும் தெரியலையே அண்ணே" என்றார்.

"இதோ பாருய்யா, இங்க... அட, சுவத்துக்குப் பறந்துடுச்சே!" என்றீர்கள்.

எங்கள் சிரிப்பு அத்துடன் நின்றது. தாங்கள் கண்ட புள்ளி தாளில் இல்லை. தங்கள் வலக்கண்ணில் மிதந்தது. அன்று பிற்பகலே அண்ணியாரை வரவழைத்து, தங்களைக் கண் மருத்துவரிடம் சேர்த்தோம். விழித்திரையில் கிழிசல் என்றும், இன்னும் சில நாள் தாழ்த்தியிருப்பின் அக்கண்ணின் பார்வை போயிருக்கும் என்றும் அவர் கூறினார்.

ஆறு வாரம் தங்கள் நாற்காலி வெறுமையாய் இருந்தது. கணினி எழுத்தில் முடித்துவிடலாம் என்றவர்களிடம், "அண்ணன் வந்து வண்டு வைக்கட்டும்" என்று கூறி, அம்மையார் அப்பக்கத்தை இழுப்பறையில் பூட்டிவிட்டார். வந்தீர்கள், வைத்தீர்கள். அம்மையார் உருப்பெருக்கியால் தலை தலையாய்ப் பார்த்து, "ஒண்ணு கூடக் குறையலை" என்றார். அன்று நாங்கள் விட்ட பெருமூச்சில் மேசைத் தாள்கள் பறந்தன என்றால் மிகையன்று.

இதுகாறும் விடைபெற்றோர் அனைவருக்கும் பாராட்டு மடல் தீட்டியவர் தாங்களே. தங்களுக்குரியதை எங்கள் கோணல் கையெழுத்தால் நாங்களே எழுதினோம், பொறுத்தருள்க. கண்ணாடிச் சட்டத்துள் இடுமுன் ஒரு பணி எஞ்சியுள்ளது. வாழ்த்தின் இறுதிச் சொல்லில் ழகரத்தின் தலை வெறுமையாக உள்ளது. அது பிழையன்று, அம்மையாரின் ஒப்புதல் பெற்றே விடுத்தோம். மேடைமீதுள்ள பேனாவை எடுத்து, நாங்கள் அனைவரும் காண, அவ்விடத்தில் வண்டினைத் தாங்களே அமர்த்துக!

கண்ணொளி குன்றாது, கை நடுங்காது, அண்ணியாரோடும் மக்களோடும் நெடுங்காலம் இனிது

வாழக!

அன்பு மாறாத,
பதிப்பகப் பணியாளர் அனைவரும்